முந்தாநாள் கடல்

கடல் அழுக்காக இருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா என்பதைக் கடலைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கொடிக்காரர் வேலையில் சேர்ந்த அன்று அவருக்குச் சொல்லப்பட்ட முதல் விதி இதுதான். கண் ஏமாற்றும், மூக்கு மிகைப்படுத்தும், ஆய்வுக்கூடம் மட்டுமே உண்மை பேசும் என்று கடல்நீர்த் தூய்மை ஆணையத்தின் உதவி ஆணையர் தொலைபேசியில் சொன்னார். கொடிக்காரர் அவரை நேரில் பார்த்ததில்லை. அந்தக் குரல் தினமும் காலையில் ஒரே ஒரு சொல்லைச் சொல்லும். ‘பச்சை’ என்றால் பச்சைக் கொடி, மக்கள் குளிக்கலாம். ‘சிவப்பு’ என்றால் சிவப்புக் கொடி. விசில் ஊதி எல்லோரையும் கரையேற்ற வேண்டும்.

இந்த வேலைக்கு முன்பு கொடிக்காரர் ஒரு நீச்சல் குளத்தில் காவலராக இருந்தார். குளம் சொன்ன பேச்சு கேட்கும். கலங்கினால் தண்ணீரை மாற்றிவிடுவார்கள். கடலுக்கு அந்த வசதி இல்லை. ஆனாலும் இந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அரைவட்டமாக ஒதுங்கிய கரை அது. அலை அடங்கிய இடம் என்பதால் மக்கள் பிள்ளைகுட்டிகளோடு வருவார்கள். கொடிக்கம்பத்தின் அருகே தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி, துவைத்து மடித்த இரண்டு கொடிகள்.

வீட்டில் அவரும் அக்காவும்தான். அக்கா ஒரு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலிக்கு இடுப்பளவு கடல் தண்ணீரில் நடந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, காலையில் தம்பி கிளம்பும்போதே துண்டை எடுத்துக்கொண்டு அவரும் கிளம்பிவிடுவார். பச்சைக் கொடி ஏறும்வரை கரையில் நிற்பார். ஏறியதும் இறங்குவார்.

“தண்ணி எப்படி இருக்குன்னு என்னைக் கேட்டாலே சொல்வேனே அக்கா, கொடிக்கு ஏன் காத்துட்டு நிக்கிறே?” என்று ஒருநாள் கேட்டார்.

“உன் பேச்சு வேற, கொடி வேறடா. கொடிக்குப் பின்னாடி ஒரு கையெழுத்து இருக்கு.”

அந்தப் பருவத்தின் முதல் பெருமழை இரவெல்லாம் கொட்டித் தீர்த்தது. காலையில் வழுக்கும் என்று அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டார். கொடிக்காரர் மட்டும் போனார். ஆறு இரு கரையும் புரள வந்துகொண்டிருந்தது. பால் விடாத டீயின் நிறம். ஊர் எதையெல்லாம் ஆற்றில் போடவே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்ததோ, அதையெல்லாம் ஆறு பத்திரமாகக் கொண்டுவந்து கடலிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தது. சாணம் அப்பிய வைக்கோல், ஒற்றைச் செருப்பு, குழந்தைகளின் டயப்பர், வயிறு ஊதிய ஒரு பன்றி. நாற்றம் தகர அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

தொலைபேசி ஒலித்தது. “பச்சை.”

“சார், ஆறு கரைபுரண்டு வந்துட்டிருக்கு. கடல் சாக்கடை மாதிரி கிடக்கு சார்.”

“ரிசல்ட் அருமையா வந்திருக்குப்பா. இந்த வருஷத்துலயே இதுதான் சுத்தமான சாம்பிள்.”

“எப்ப எடுத்த சாம்பிள் சார்?”

“முந்தாநாள்.”

“முந்தாநாள் மழையே இல்லையே சார். நான் சொல்றது இன்னைக்குக் கடலை.”

“இன்னைக்குக் கடல் இன்னும் ஆபீசுக்கு வரலையேப்பா,” என்றது குரல். “வந்ததும் சொல்றேன். இப்ப பச்சை ஏத்து.”

ஏற்றினார். அன்று விடுமுறை. வந்தவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள், முகம் சுளித்தார்கள், பிறகு கொடியைப் பார்த்தார்கள். படித்தவர்கள் பரிசோதித்துத்தானே ஏற்றியிருப்பார்கள் என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டு இறங்கினார்கள். கொடிக்காரர் கரையோரமாக நடந்து ஒவ்வொருவரிடமும் வாயைத் திறக்காமல் குளிக்கும்படி கேட்டுக்கொண்டார். அவருடைய அதிகாரம் அவ்வளவுதான்.

பிறகு வெயில் அடித்தது. ஆறு வடிந்தது. கடல் தெளிந்து, காலடி மணல் தெரிகிற அளவுக்கு ஆனது. அன்று காலை குரல் பதற்றத்தோடு வந்தது. “சிவப்பு! உடனே எல்லாரையும் வெளியேத்து! தட்டு முழுக்கக் கிருமிப்பா! நான் பார்த்ததே இல்லை, அப்படி ஒரு சாம்பிள்!”

கொடிக்காரர் கண்ணாடி போன்ற கடலைப் பார்த்து விசில் ஊதினார். தோளில் மகளைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

“ஏங்க, அன்னைக்குச் சாக்கடையா இருந்தப்ப சும்மா இருந்தீங்க. இன்னைக்கு இப்படி இருக்கு, ஏறு ஏறுங்கறீங்க. உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?”

கொடிக்காரருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. வார விடுமுறையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஆணையத்துக்கே போனார்.

ஆணையம் கடலைப் பார்த்த கட்டடம்தான். ஆனால் நாற்றம் வருகிறது என்று கடல் பக்கத்து ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்து, அதன் மேல் நீலக் கடலின் படங்களை மாட்டியிருந்தார்கள். நடைபாதை நெடுகக் குடிதண்ணீர் கேன்கள். பின்கட்டில் ஆய்வுக்கூடம். அங்கே ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வட்டத் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

“கொடிக்காரரா? பக்கத்துல வாங்க. எதையும் தொடாதீங்க,” என்றார். “இந்தப் புள்ளி புள்ளியா இருக்கே, அதுதான் கிருமி. கண்ணுக்குத் தெரியற அளவுக்கு வளர ஒரு நாள். அதுதானான்னு உறுதி பண்ண இன்னொரு நாள். அப்புறம் மாடியில கையெழுத்து. அதுக்குள்ள கடல் வேற கடலா ஆயிடும்.”

“மழை வந்தா ஏன்ம்மா இப்படி ஆகுது?”

“மழை ஊரையே கழுவி விடுது. மாட்டுக் கொட்டில், பன்றிப் பண்ணை, நிரம்பி வழியற செப்டிக் டேங்க், எல்லாம் ஆத்துக்கு. ஆறு நேரா உங்க கரைக்கு. அப்புறம் வெயிலும் உப்பும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா கிருமியைக் கொல்லும். ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும். இதுக்குத் தட்டே வேணாம். பெரிய மழை பெஞ்ச உடனே சிவப்பைப் போட்டுட்டு, ரெண்டு மூணு நாள் நல்லா வெயில் அடிச்சப்புறம் எடுத்தாப் போதும். வருஷா வருஷம் சொல்றேன்.”

“மாடியில என்ன சொல்றாங்க?”

“நல்ல யோசனைங்கறாங்க. அதையும் வருஷா வருஷம் சொல்றாங்க.”

அந்த அம்மாவே அவரை மாடிக்கு அழைத்துப்போனார். ஆணையர் மரியாதை தெரிந்தவர். கொடிக்காரரை உட்காரச் சொல்லி, கேன் தண்ணீர் கொடுத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்து நின்றுகொண்டார். உட்கார்ந்தபடி பேசுவது அவருக்கு வராது.

“மழையை வெச்சுக் கொடி ஏத்தணும்ங்கறீங்க. மழைங்கறது என்ன? வானிலைத் துறையோட கருத்து. இன்னொரு துறையோட கருத்தை நம்பி நாம நடவடிக்கை எடுக்க முடியுமா?”

“பெஞ்சுதுங்களே சார். நான் நனைஞ்சேன்.”

“நீங்க நனைஞ்சது உங்க சொந்த விஷயம். அடுத்து, ஆறு. பாலம் வரைக்கும் அது நதித் துறை. பாலத்தைத் தாண்டினா கடல். கடல் நம்மளது. நம்ம கடல்ல அழுக்கே இல்லை. வர்றதெல்லாம் அவங்க அழுக்கு. அவங்க அழுக்கை நாம அளந்தோம்னா அது நம்ம கணக்குல ஏறிடும். ஒரு நல்ல நிறுவனம் அடுத்தவங்க அழுக்கைத் தன் தலையில போட்டுக்காது.”

“கொடி பொய் சொல்லுதுன்னு ஜனங்க திட்டறாங்க சார்.”

ஆணையர் புண்பட்டார். “கொடி பொய் சொல்லலை. உண்மையைக் கொஞ்சம் தாமதமாச் சொல்லுது. உண்மைக்கு என்னங்க அவசரம்? ஆனா உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஏற்பாடு பண்றேன்.”

ஏற்பாடு அடுத்த வாரமே லாரியில் வந்து இறங்கியது. கம்பத்தின் பக்கத்தில் ஆள் உயரப் பலகை ஒன்றை நட்டார்கள். ‘இக்கொடி முந்தாநாள் கடலின் நிலையைக் குறிக்கும். பொதுமக்கள் அதற்கேற்ப நடந்துகொள்ளவும்.’

முதலில் மக்கள் சிரித்தார்கள். முந்தாநாள் கடலில் இன்றைக்கு எப்படிக் குளிப்பது என்று ஒருவர் கேட்டார். பிறகு பழகிக்கொண்டார்கள். முந்தாநாள் கெட்டிருந்தால் இன்றைக்குத் தெளிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, சிவப்பைக் கண்டால் துண்டை எடுத்தார்கள். பச்சையைக் கண்டால் யோசித்தார்கள். சிலர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கொடியை முதன்முதலாகச் சரியாக வாசிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் சிவப்புக் கொடிக்குக் கீழே கூட்டம் குளிக்கிற படம் ஒன்று ஆணையரின் மேசைக்குப் போனதும் அவர் துடித்துப்போனார். இரண்டாவது ஏற்பாடு பிறந்தது. மழைநீர் கலந்த கடல்நீர் கடலின் உண்மையான குணத்தைக் காட்டாது. எனவே மழைக்காலம் முடியும்வரை மாதிரி எடுக்கக் கூடாது. கடைசியாக வந்த முடிவே தொடரும். கடைசியாக வந்த முடிவு பச்சை.

அதற்குப் பிறகு மழை விடவில்லை. கொடியும் மாறவில்லை.

அப்படி ஒரு காலையில்தான் அக்கா கரைக்கு வந்தார். முந்தின நாள் சமையலறையில் தகர டப்பா ஒன்று விழுந்து அவருடைய கால்விரல்களுக்கு மேல் கீறியிருந்தது. பெரிய காயமில்லை. கடலோ பழுப்பாக நுரைத்துக்கொண்டிருந்தது.

“அக்கா, இன்னைக்கு வேணாம். வீட்டுக்குப் போ.”

“பச்சை ஏறியிருக்கே.”

“அது சும்மா கிடக்கு. யாரும் தண்ணியை எடுத்துப் பார்க்கலை. சொன்னா கேளு.”

“பச்சையையும் ஏத்திட்டு, வேணாம்னும் சொல்றே. நான் எதைடா நம்பறது?”

“என்னை நம்பு.”

அக்கா தம்பியை அன்போடு பார்த்தார். “நீ தற்காலிகப் பணியாளர்டா,” என்று சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்.

அன்று சாயங்காலமே காய்ச்சல் வந்தது. மறுநாள் பாதம் வீங்கி, தோல் கருநீலமாக மாறிக்கொண்டே மேலே ஏறியது. மருத்துவமனையில் கட்டில் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. வார்டு முழுக்கக் காதைப் பொத்திக்கொண்ட பிள்ளைகள், வயிற்றைப் பிடித்துக்கொண்ட பெரியவர்கள். ஒவ்வொரு முகத்தையும் கொடிக்காரருக்குத் தெரியும். கரையில் பார்த்த முகங்கள். இரண்டு விரல்களை எடுத்தால்தான் பாதம் மிஞ்சும் என்றார்கள். எடுத்தார்கள்.

“என்ன காரணம்னு போட்டிருக்கீங்க டாக்டர்?” என்று கொடிக்காரர் கேட்டார்.

இளம் மருத்துவர் சுற்றும் முற்றும் பார்த்தார். “செருப்பு ஒவ்வாமை.”

“அக்கா செருப்பே போடலையே. கடல்ல இறங்கினாங்க.”

“கடல்னு எழுத முடியாதுங்க. கடல் பச்சையா இருக்கு. பச்சையா இருக்கறப்ப கடலால யாருக்கும் எதுவும் வராதுன்னு உங்க ஆபீஸ்ல இருந்து சுற்றறிக்கை வந்திருக்கு. அந்தா, அந்தப் பையனுக்குத் தலையணை ஒவ்வாமை. அந்த அம்மாவுக்குப் பயம்.”

அக்கா கண்விழித்தபோது தம்பி பக்கத்தில் இருந்தார். கட்டுப்போட்ட காலை அக்கா வெகுநேரம் பார்த்தார்.

“கொடி பச்சையாத்தானேடா இருந்துச்சு?”

“ஆமாக்கா.”

“யாருடா ஏத்துனது?”

கொடிக்காரர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு தாதி வந்து பாட்டிலை மாற்றிவிட்டுப் போனாள். “நான்தான்,” என்றார்.

அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவரிடம் கொடியைப் பற்றிப் பேசவே இல்லை. அதைத்தான் கொடிக்காரரால் தாங்க முடியவில்லை.

இதற்கிடையில் அந்தக் கரைக்கு விருது வந்தது. கடந்த சில மாதங்களாக ஒரு மோசமான முடிவுகூடப் பதிவாகாத ஒரே கடற்கரை அதுதானாம். முடிவு என்று எதுவுமே பதிவாகவில்லை என்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. விழாவுக்கு நாள் குறித்தார்கள். குறித்த நாளுக்கு முந்தின நாள் மேற்கே வானம் கறுத்து, மலைப்பக்கம் முழுவதும் இடித்துப் பெய்தது. காலையில் ஆறு பாலத்தின் கழுத்தைத் தொட்டுக்கொண்டு வந்தது.

பந்தலுக்குள் ஆணையர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். “சிலர் இந்தக் கடலைச் சந்தேகப்படுகிறார்கள். கண்ணால் பார்த்தோம் என்கிறார்கள். கண்ணால் பார்ப்பதற்கு ஆணையம் எதற்கு? கண் எல்லோரிடமும் இருக்கிறது! நாங்கள் பார்க்காமலேயே சொல்கிறோம், இந்தக் கடல் தூயது. இதை நிரூபிக்க நானும் என் சக அதிகாரிகளும் இப்போதே இதில் நீராடப்போகிறோம்.”

கைத்தட்டல் கேட்டது. சக அதிகாரிகள் பக்கத்திலிருந்து கேட்கவில்லை.

ஒல்லியான ஒருவர் கம்பத்தடியில் நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். “பச்சை நல்லாக் கட்டியிருக்கியாப்பா?” என்று அவர் கேட்டதும் கொடிக்காரருக்குக் குரல் தெரிந்தது. உதவி ஆணையர்.

“சார், நீங்க இறங்காதீங்க. எங்க அக்கா கால்...”

“தெரியும்ப்பா,” என்றார் அவர் மெல்ல. “எல்லாம் தெரியும்.”

“அப்புறம் ஏன் சார்?”

“அவர் இறங்கறாரே.”

வரிசையாக இறங்கினார்கள். ஆய்வுக்கூடத்து அம்மா மட்டும் சளி என்று சொல்லிவிட்டுக் கரையில் நின்றார். அவர் கையில் ஒரு வெறும் பாட்டில் இருந்தது. மாதிரி எடுக்க அனுமதியில்லை என்று யாரோ ஞாபகப்படுத்தியதும் பையில் வைத்துவிட்டார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஆணையர் பேச்சைத் தொடர்ந்தார். ‘தூய்மை’ என்ற சொல்லுக்கு அவர் வாயைத் திறந்தபோது ஒரு அலை உள்ளே போயிற்று. விழுங்கிவிட்டுப் பேசினார். உதவி ஆணையர் கண்ணை இறுக மூடிக்கொண்டு மூழ்கி எழுந்தார். புகைப்படக்காரர் சரியாக வரவில்லை என்றதால் இன்னொரு முறை மூழ்கினார்.

ஆணையர் மறுநாளே வெளியூருக்கு ஆய்வுப் பயணம் போய்விட்டதாக அறிவிப்பு வந்தது. எந்த ஊர் என்று சொல்லவில்லை. ஆம்புலன்ஸில் போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். உதவி ஆணையருக்கு அக்காவின் வார்டிலேயே, மறைப்புக்கு அந்தப்பக்கம் ஒரு கட்டில் கிடைத்தது. காய்ச்சலில் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“சார், தண்ணிதான் காரணம்னு டாக்டர்கிட்டச் சொல்லிடுங்க. சரியான மருந்து கொடுப்பாங்க,” என்று கொடிக்காரர் குனிந்து கெஞ்சினார்.

“ரிசல்ட் வரட்டும்ப்பா. ரிசல்ட் வராம எனக்கு என்னன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?”

“சாம்பிளே எடுக்கலையே சார்.”

உதவி ஆணையர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். “அப்ப எனக்கு ஒண்ணும் இல்லை,” என்றார். சொல்லும்போது அவர் கண்ணில் நீர் வழிந்தது.

அடுத்த முறை கொடிக்காரர் போனபோது அந்தக் கட்டிலின் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். தாதியிடம் கேட்டார். பதிவில் ‘அலைச்சல்’ என்று இருப்பதாக அவள் சொன்னாள்.

மறுநாள் காலையில் தொலைபேசி வழக்கம்போல் ஒலித்தது. புதுக் குரல். இளமையான, உற்சாகமான குரல். “வணக்கம்ங்க. பச்சை.”

வெளியே மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஆறு மரக்கிளைகளையும் நுரையையும் உருட்டிக்கொண்டு வந்தது. “சரிங்க,” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டு, கொடிக்காரர் சிவப்புக் கொடியை எடுத்தார். மாதக்கணக்கில் மடித்தே கிடந்ததால் மடிப்பு விழுந்திருந்தது. அதை உதறிக் கட்டி உச்சிவரை ஏற்றினார். வேலை போகும் என்று தெரியும். அக்காவின் முகம் சுவரிலிருந்து தன் பக்கம் திரும்புமா என்பதுதான் தெரியவில்லை. ஆனாலும் மனம் வெகுநாளைக்குப் பிறகு லேசாக இருந்தது.

முதல் பேருந்தில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அப்பா, அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள். பின்னாலேயே இன்னும் பலர். அப்பா கொடியை அண்ணாந்து பார்த்தார். பலகையைப் படித்தார். முகம் மலர்ந்தது.

“சிவப்பு! முந்தாநாள்தான் கெட்டிருந்திருக்கு. இன்னைக்கு ஜோரா இருக்கும். வாங்க வாங்க, கூட்டம் வர்றதுக்குள்ள இறங்கிடலாம்.”

“ஐயோ, இல்லீங்க!” கொடிக்காரர் குறுக்கே ஓடினார். “இது இன்னைக்குக் கடலுக்கு ஏத்துனது. இன்னைக்குத்தான் கெட்டிருக்கு. கண்ணால பாருங்க!”

“இன்னைக்குக் கொடி முந்தாநாளைத்தானே சொல்லும்? உங்க ஆபீசே எழுதி வெச்சிருக்கே,” என்று அவர் பொறுமையாக விளக்கினார். பிள்ளைகள் அதற்குள் ஓடிவிட்டார்கள்.

கொடிக்காரர் விசில் ஊதினார். யாரும் திரும்பவில்லை. பெரியவள் முழங்கால்வரை போயிருந்தாள். சின்னவள் பழுப்பு நுரையைக் கையில் அள்ளி முகத்தில் பூசிக்கொண்டு சிரித்தாள். விசிலை எறிந்துவிட்டு அவர் தண்ணீருக்குள் பாய்ந்தார். இடுப்பளவு ஆழத்தில் சின்னவளை எட்டிப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினார். ஒரு அலை அவர் முகத்தில் அடித்து வாய்க்குள் போனது. இருமிக்கொண்டே, போங்கள், கரைக்குப் போங்கள் என்று கையை வீசிக் கத்தினார்.

கரையில் தயங்கி நின்றிருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னார்:

“பார்த்தியா, கொடிக்காரரே இறங்கிட்டார். வான்னு கூப்பிடறார் பாரு.”

சட்டையைக் கழற்றிக்கொண்டு எல்லோரும் இறங்கத் தொடங்கினார்கள்.